கத்திரி கேட்ட உதவி

அவரை அலுவலகத்தில் எல்லாரும் கத்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளைப் பார்த்தால் அப்படிப் பெயர் வைக்கத் தோன்றாது. கொஞ்சம் தொப்பை, மெதுவான பேச்சு, உட்கார்ந்த இடத்தில் கொட்டாவி. ஆனால் நகரத்து மின் கட்டுப்பாட்டு அறையில் மாலை ஷிப்டுக்கு அவர்தான் தலைவர். மின்சாரம் பற்றாமல் போனால் எந்தப் பகுதியை முதலில் இருட்டாக்குவது என்று முடிவெடுப்பது அவர். பட்டனை அழுத்தி மின்சாரத்தை வெட்டுவதும் அவர் விரல்தான்; பெயர் அப்படி வந்தது. வீட்டில் சண்டை முற்றினால் மனைவிகூட, "கத்திரிகிட்ட போய் இரக்கத்தை எதிர்பார்க்கறேனே, என்னைச் சொல்லணும்" என்பாள்.

அறையின் சுவர் முழுக்க ஒரு திரை. திரையில் ஒரு பச்சைக் கோடு. அந்த நிமிஷம் நகரம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதை அது காட்டும். பகலில் சாதுவாகப் படுத்திருக்கும். பொழுது சாய்ந்து ஜனங்கள் வீடு திரும்பியதும் விறுவிறுவென்று மேலே ஏறும். கோட்டுக்குக் கீழே மனுஷர்கள் இருப்பது கத்திரிக்குத் தெரியாமலில்லை. ஆனால் கப்பல் ஓட்டுகிறவன் ஒவ்வொரு மீனையுமா நினைத்துக்கொண்டிருப்பான்?

பகலெல்லாம் வெயிலும் காற்றும் நகரத்தைத் தாங்கின. சிக்கல் மாலையில்தான். வெயில் போய்விடும், எல்லா வீட்டிலும் எல்லாமும் ஒரே நேரத்தில் ஓடும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக, நகரத்துக்கு வெளியே பழைய நிலக்கரி நிலையத்தின் மூன்றாவது யூனிட்டை விடியற்காலையிலிருந்தே எரியவிட்டுச் சூடாக வைத்திருந்தார்கள். கொதிகலன் வீட்டு அடுப்பு இல்லை, நினைத்தவுடன் பற்றவைக்க. ஆக, ஒன்றரை மணி நேர வேலைக்கு நாள் முழுக்கக் கரி, நாள் முழுக்கப் புகை. அதை யாராவது குறை சொன்னால் கத்திரிக்குக் கோபம் வரும்.

குறை சொன்னவள் வேறு யாருமில்லை, அவருடைய கொழுந்தியாள். மனைவியின் தங்கை. பக்கத்துத் தெருவில் சலவைக் கடை வைத்திருந்தாள். பெரிய பெரிய துவைக்கும் மெஷின்கள், அதைவிடப் பெரிய டிரையர்கள். நகராட்சி ஆரம்பித்துவைத்த தெருக்குழுக்களில் அவள் தெருவுக்கு அவள்தான் பொறுப்பு. பள்ளிக்கூடத்துக் கூரையில் சோலார் தகடு போட வைத்தது அந்தக் குழு. இப்போது அவர்கள் இன்னொன்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: மாலையில் தட்டுப்பாடு வந்தால் எங்களுக்குப் போனில் தகவல் அனுப்புங்கள், முடிந்ததை நாங்களே நிறுத்திவைக்கிறோம், அப்புறம் அந்தக் கொதிகலனைத் தினமும் எரிக்க வேண்டிய அவசியமே இருக்காது. தகவல் அனுப்பும் ஏற்பாடுகூடக் கட்டுப்பாட்டு அறையில் தயாராக இருந்தது. கத்திரி அதைத் தொட்டதே இல்லை.

"உன் மெழுகுவத்திக் கூட்டம் எப்படி நடக்குது?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் சீண்டினார்.

"நாங்க ஒண்ணும் மெழுகுவத்தி ஏத்தல அத்தான். சாயங்காலம் ஒரு மணி நேரம் என் டிரையர் ஓடலைன்னா யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? மத்தியானம் வெயில் அடிக்கும்போது ஓட்டிக்கறேன். என்னை மாதிரி எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டா செஞ்சுடுவாங்களாக்கும். பெத்த பிள்ளைகிட்ட சொன்னாலே நிறுத்த மாட்டான். இவங்களை நம்பி நான் ஒரு நகரத்தை ஓட்டணுமா?"

கூடத்து மூலையில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். நுரையீரல் பாதி போய்விட்டது. மூக்கில் மெல்லிய குழாய், பக்கத்தில் ஓயாமல் முனகும் ஆக்சிஜன் மெஷின். அவர் இருமிக்கொண்டே சிரித்தார். "அவன்கிட்டயா கேக்கச் சொல்றே? பசிச்சாக்கூட வாயைத் திறந்து கேக்காத பய அவன்."

அந்த வாரமே அது நடந்தது.

கத்திரி அப்போதுதான் டீயை உறிஞ்ச ஆரம்பித்திருந்தார். காற்று அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே மந்தம். காற்றும் மேகமும் எப்போது வரும் போகும் என்று கணித்துச் சொல்கிற சக ஊழியர் பக்கத்து மேஜையில் இருந்தார். வேலைக்கேற்ற பெயர் அவருக்கு, பஞ்சாங்கம். "இன்னிக்கு ராத்திரி வரைக்கும் காத்து எந்திரிக்காது" என்று உதட்டைப் பிதுக்கினார். பச்சைக் கோடு ஏற ஆரம்பித்தது. கத்திரி மூன்றாவது யூனிட்டை முழு மூச்சில் ஓட்டச் சொன்னார்.

நிலக்கரி நிலையத்திலிருந்து போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை, ஒரே இரைச்சல். அப்புறம் ஒரு குரல் கத்தியது: "சார், கொதிகலன் டியூப் வெடிச்சுடுச்சு! மூணாவது யூனிட் நின்னுபோச்சு!"

"எப்போ மறுபடி ஓட்டலாம்?"

"இன்னிக்கா? கொதிகலன் ஆறி, ஆள் உள்ளே போய்ப் பாக்கவே நாளைக்கு ஆகும் சார்."

கத்திரி டீயைத் தள்ளிவைத்தார். திரையின் ஓரத்தில் சிவப்பு எழுத்துகள் மினுங்க ஆரம்பித்தன. அவசரத்துக்கென்று நகரத்துப் பேட்டரிகளில் சேர்த்துவைத்திருப்பது அரை மணி நேரத்துக்குக்கூடக் காணாது. இனி ஒரே வழிதான். விரலைப் பட்டனுக்குக் கொண்டுபோனார். கிழக்குப் பகுதி முதலில். எப்போதும் கிழக்குப் பகுதிதான் முதலில்.

"கொஞ்சம் இருங்க" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. தலைமைப் பொறியாளர். ஒல்லியான அம்மாள்; சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. "வெட்டுறதுக்கு முன்னாடி ஜனங்ககிட்ட கேட்டுடுவோம்."

"மேடம், இது விளையாடற நேரமில்ல."

"பேட்டரி தீர்ற வரைக்கும் நேரமிருக்கு. நடக்கலைன்னா வெட்டிடுங்க. தெருக்குழுவுக்கு மட்டும் வேண்டாம், நகரத்துல எல்லார் போனுக்கும் போகட்டும். எழுத்துல அனுப்பினா படிக்க மாட்டாங்க. உங்க குரல்ல சொல்லுங்க."

"என் குரல்லயா?"

"பட்டன்ல கை வச்சிருக்கறது நீங்கதானே?"

மைக்கை இழுத்து முன்னால் வைத்தார்கள். கத்திரி அதன் பக்கம் குனிந்தார். "வணக்கம். கட்டுப்பாட்டு அறையிலேருந்து பேசறேன். பெரிய மெஷின் ஒண்ணு நின்னுபோச்சு. கரண்ட் பத்தல. ஒரு மணி நேரத்துக்கு... உங்க வீட்டுல, கடையில எதையெல்லாம் நிறுத்த முடியுமோ நிறுத்துங்க." கொஞ்சம் திணறினார். "உதவி பண்ணுங்க."

தகவல் எல்லார் போனுக்கும் போய்விட்டது. கத்திரி மறுபடியும் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். கோடு ஏறியது. இன்னும் ஏறியது. "பாத்தீங்களா?" என்று சொல்ல வாயெடுத்தார்.

கோடு நின்றது.

ஒரு கணம் மட்டமாக ஓடியது. அப்புறம் சரிய ஆரம்பித்தது. மலையிலிருந்து கல் உருளுகிற மாதிரி, பிடிமானமே இல்லாமல் கீழே, கீழே.

"ஐயோ!" என்று எழுந்துவிட்டார் கத்திரி. நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதியது. "எங்கேயோ சப்ஸ்டேஷன் போயிடுச்சு! லைன் அறுந்திருக்கு! கிழக்கைக் கூப்பிடுய்யா, சீக்கிரம்!"

பஞ்சாங்கம் கிழக்கைக் கூப்பிட்டார். "எல்லா லைனும் ஓடுது சார், ஒண்ணும் ஆகல" என்று பதில் வந்தது. வடக்கைக் கூப்பிட்டார். அங்கேயும் அதே பதில். துறைமுகத்துப் பக்கம் சப்ஸ்டேஷனில் எடுத்தவர், "இங்கே எல்லாம் நல்லாத்தான் இருக்கு. லோடு மட்டும் தன்னால குறையுது, என்னன்னே புரியல" என்றார்.

பஞ்சாங்கம் போனை வைத்தார். அவர் முகத்தில் பேயைப் பார்த்தவன் களை. "லைன் போகலைய்யா. ஆளுங்க. ஆளுங்க நிறுத்தறாங்க."

வேண்டிய அளவுக்குக் கீழே போய், அதற்கும் கீழே போய்க்கொண்டிருந்தது கோடு. இப்போது பேட்டரியைக் குறைக்க வேண்டியிருந்தது. கத்திரி அதற்கான கட்டளைகளைக் கொடுத்தார். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்தப் பகுதியையும் அவர் வெட்டவில்லை. முகம் தெரியாத லட்சக்கணக்கான விரல்கள் அங்கங்கே எதையோ அணைத்திருந்தன, அவர் கேட்டதற்காக. தலைமைப் பொறியாளர் சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கத்திரி சிரித்தாரா அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. மனைவி.

"என்னங்க..." குரல் உடைந்திருந்தது. "மாமா பேச மாட்டேங்கறார். உதடெல்லாம் நீலமா இருக்கு. மெஷினை நிறுத்தி வச்சிருக்கார். நான் போட்டுட்டேன், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், சீக்கிரம் வாங்க."

"நிறுத்தி வச்சிருக்காரா? யாரு நிறுத்தினா?"

"அவரேதான்."

கத்திரியின் நாற்காலியில் பஞ்சாங்கம் உட்கார்ந்தார். "போய்யா, நான் பாத்துக்கறேன்" என்றார். கத்திரி படியிறங்கி ஓடினார்.

அன்றைக்கு அவர் கார் ஓட்டிப் போன தெருக்களை அவர் சாகும்வரை மறக்க மாட்டார். தெருவிளக்கு மட்டும் எரிந்தது. கடைகளில் ஒற்றை விளக்கு. ஜனங்கள் வெளியே வந்து படிகளிலும் நடைபாதையிலும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்டை நிறுத்திவிட்டு, காய்கறிப் பையோடு ஏறுகிற ஒரு பெண்மணியின் பையை முன்பின் தெரியாத ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தார். வெல்டிங் பட்டறைக்காரர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொழுந்தியாளின் கடை டிரையர்கள் அத்தனையும் அசையாமல் நின்றன. ஊரே அவர் சொல் கேட்டிருந்தது. முடிந்ததையெல்லாம் நிறுத்துங்கள் என்றேனே, இன்னதை நிறுத்தக்கூடாது என்று ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை.

ஆஸ்பத்திரிக்கு அவர் போனபோது அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள். மனைவியும் கொழுந்தியாளும் பெஞ்சில் இருந்தார்கள். கொழுந்தியாள் தலையை நிமிர்த்தவே இல்லை. தகவல் வந்ததும் அக்காவையும் துணைக்கு இழுத்துக்கொண்டு, கேட்காதவர்களுக்குச் சொல்ல வீடு வீடாகக் கிளம்பியிருந்தாள். "வாசல் வாசலாப் போனோம் அத்தான்" என்றாள். "நம்ம வாசலை மட்டும் விட்டுட்டோம்."

மருத்துவர் வெளியே வந்தார். "பிழைச்சுக்கிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டிருக்க மாட்டேன்." கத்திரி மனைவி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அப்பாவுக்குப் பேச முடிந்தது. முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, "கரண்ட் பத்துச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?"

"நீ கேட்டியேடா."

"உங்களையா கேட்டேன்? ஊரையில்ல கேட்டேன்!"

"நான் ஊர்ல இல்லியா?"

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "பசிச்சாக்கூட கேக்காதவன். போன்ல உன் குரல் நடுங்குச்சு. சரி, பயலுக்கு என்னமோ பெரிய கஷ்டம்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம்னு பாத்தேன். கண்ணு இருட்டிடுச்சு." அப்புறம், "என் மெஷின் எவ்வளவு தின்னும்?" என்றார்.

"முன்னூத்தம்பது வாட்."

"அவ்வளவுதானா?" என்று ஏமாந்துபோனார் கிழவர். "ஒரு பஸ்ஸு ஹாரன்கூட அதைவிட ஜாஸ்தி இழுக்கும் போலிருக்கே."

வராந்தாவில் கத்திரி கொழுந்தியாளிடம் பொங்கிவிட்டார். "போதும். இந்தக் கூத்தோட நிறுத்திக்கலாம். நான் வெட்டினா ஆஸ்பத்திரி லைனை விட்டுட்டுத்தான் வெட்டுவேன். உங்களை மாதிரி ஆள் உசுரோட விளையாட மாட்டேன்."

அவள் அழுதுகொண்டிருந்தவள்தான். சட்டென்று நிமிர்ந்தாள். "நீங்க வெட்டினா அந்த மெஷினும் சேர்ந்துதானே அத்தான் நிக்கும்? நம்ம வீடு ஆஸ்பத்திரி லைன்லயா இருக்கு? வெட்டினபோதெல்லாம் மாமாவுக்கு ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கி வச்சது அக்கா. நேத்து அக்கா வீட்டுல இல்ல, அதுதான் வித்தியாசம். யார் யார் வீட்டுல அக்கா இல்லையோ, உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. அதுதான் அவரை உலுக்கியது. நகரத்தையே விரல்நுனியில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவருக்குத் தன் தெருவே தெரியாது.

விடுமுறை போட்டுவிட்டு அவளோடு வீடு வீடாகப் போனார். எதை நிறுத்தலாம், எதைத் தொடவே கூடாது என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு ஆள் படுக்கையறைக் கதவைத் திறந்து காட்டினார்: சிறுநீரகம் போன மனைவிக்கு வீட்டிலேயே ரத்தம் சுத்தம் செய்கிற மெஷின். அன்று மாலை அவரும் நிறுத்தவேண்டுமோ என்று யோசித்திருக்கிறார். மனைவி திட்டி உட்காரவைத்தாளாம். கத்திரி அந்த வீட்டைக் குறித்துக்கொண்டார். தெருமுனை வீட்டில் கண்ணாடி போட்ட அம்மாள் அவர் பேசத் தொடங்கியதுமே, "நீங்கதானா அந்தக் குரல்?" என்று வாயைப் பிளந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இத்தனை வருஷத்துல எங்களுக்குச் சொல்லாம நிறுத்தியிருக்கீங்க. கேட்டது இதுதான் முதல் தடவை. நான் அடுப்பு, கீஸர், எல்லாத்தையும் அணைச்சுட்டேன்" என்றாள்.

எல்லா வீடும் அப்படி இல்லை. மாடியில் குடியிருந்த தச்சர் கதவைப் பாதி திறந்து உடனே மூடப்போனார். "கட்டுப்பாட்டு அறையா? நீங்க போன வருஷம் வெட்டின அன்னிக்குத்தான் என் பொண்ணு படியில உருண்டா. இன்னும் நேரா நடக்கல. உங்களுக்கு உதவி பண்ணணுமா?" உள்ளேயிருந்து காலை இழுத்து நடக்கிற சத்தம் வந்தது. கத்திரி அங்கேயே நின்றார். மன்னிப்புக் கேட்டார். தச்சர் கதவைச் சாத்திவிட்டார். கத்திரி படியிறங்கி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

தெருக்குழுக்கள் நகரம் முழுக்க இதையே செய்தன. போன் தகவல் மாறியது. முதல் வரியிலேயே, "உயிர் காக்கும் மெஷின் வைத்திருப்பவர்கள் எதையும் நிறுத்தாதீர்கள்" என்று வந்தது. அப்படிப்பட்ட வீடு ஒவ்வொன்றுக்கும் தகவல் வந்தவுடன் எட்டிப்பார்க்க ஒரு பக்கத்துவீட்டார் பொறுப்பேற்றார். அப்பா வீடு திரும்பியதும் சும்மா இருப்பாரா? மூக்கில் குழாயோடு போனை எடுத்துவைத்துக்கொண்டு, தன்னைப் போன்றவர்களைக் கூப்பிட்டு மிரட்டுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். "ஹலோ, மெஷின் ஓடுதா? சத்தத்தைக் காட்டு, கேக்கறேன். வீரம் காட்டாதே, நான் காட்டிப் பாத்துட்டேன்."

மூன்றாவது யூனிட்டைச் சரிபண்ணப் பல வாரங்கள் ஆயின. அதற்குள் காற்று மந்தமான மாலைகள் நிறைய வந்தன. ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள். முதல் நாள் போலக் கோடு அப்படிக் கொட்டிச் சரியவில்லை. பிள்ளைகள் கண்விழித்துப் படிக்கிற பரீட்சை சமயத்தில் ரொம்பவே சுணங்கியது. ஒருநாள் இரண்டு தெருக்களை வெட்டவும் வேண்டிவந்தது. ஆனால் குளிர்பதனக் கிடங்குகளும் தண்ணீர் பம்புகளும் வேலையை மத்தியான வெயிலுக்கு மாற்றிக்கொண்டபின் மாலை ஏற்றமே பழைய உயரத்துக்குப் போகவில்லை.

கொதிகலன் தயார் என்று செய்தி வந்த அன்று கூட்டம் போட்டார்கள். தலைமைப் பொறியாளர் கத்திரியைத்தான் முதலில் கேட்டார். "நாளையிலேருந்து பழையபடி எரிக்கட்டுமா?"

எல்லாரும் அவர் என்ன சொல்வார் என்று தெரிந்த மாதிரி பேனாவை எடுத்தார்கள்.

"வேண்டாம்" என்றார் கத்திரி. "ரொம்ப மோசமான வாரம்னு முன்கூட்டியே தெரிஞ்சா பத்தவைப்போம். தினமும் வேண்டாம். ஆறிக் கிடக்கட்டும்."

பஞ்சாங்கத்தின் பேனா கீழே விழுந்தது. நிலக்கரி நிலையத்திலிருந்து வந்திருந்த மூத்த ஃபிட்டர், "அப்போ எங்க ஆளுங்க கதி?" என்று கேட்டார். பாதிப் பேரைப் புதிய பேட்டரி நிலையத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேருக்காக ஃபிட்டர் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார். கத்திரியும் கூடப் போகிறார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை. கத்திரிக்கு விடுமுறை. தலை நிறைய ஷாம்பு போட்டு வெந்நீரில் நின்றுகொண்டிருந்தார். கூடத்தில் மனைவியின் போன் பேசியது. பஞ்சாங்கத்தின் குரல்: காத்து ஏமாத்திடுச்சு, ஒரு மணி நேரம் உதவி பண்ணுங்க. டக்கென்று ஒரு சத்தம். குழாயில் வந்த தண்ணீர் பனிக்கட்டியாக முதுகில் இறங்கியது.

"அடியே! கீஸரை ஏன் அணைச்சே? இன்னும் தலை அலசல!"

"கேட்டாங்க, அணைச்சேன்" என்றாள் மனைவி வெளியிலிருந்து. "பச்சைத் தண்ணியில அலசிட்டு வாங்க."

கத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சொம்பு மொண்டு தலையில் ஊற்றினார். "ஐயையோ" என்று அலறினார். பக்கத்து அறையில் அப்பா யாரையோ போனில் அதட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு சொம்பு மொண்டார்.